பேரன் தீவு

“எந்தத் தீவுக்குப் போறேன்னு சொன்னே?”

“பேரன் தீவு, பெரியம்மா.”

“யாரோட பேரன்டா?”

மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் நின்றது. பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தமெல்லாம் கிடையாது. வேண்டுமென்றே கேட்ட கேள்வி. ஆங்கிலத்தில் தரிசு என்று பொருள்படும் பெயர் அது. தமிழ்ப் பத்திரிகைகள் பாரன் தீவு என்றும் எழுதும், பேரன் தீவு என்றும் எழுதும். மயிலாப்பூர்க் காதில் இரண்டாவதுதான் விழும்.

இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை அது ஒன்றுதான் என்றேன். அந்தமானுக்கு அந்தப் பக்கம், நடுக்கடலில். “அவ்வளவு தூரமா?” என்றார். வரைபடத்தை எடுத்து மடியில் விரித்துக் காட்டினேன். மரக்காணம் உப்பளத்தைத் தாண்டிக் கடற்கரையில் நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் நேர் கிழக்கே கோடு போட்டால், சுமார் 1,500 கிலோமீட்டரில், அந்தமானைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தத் தீவில் போய் முட்டும். இரண்டுமே ஏறக்குறைய பன்னிரண்டேகால் பாகை வடக்கு.

“அப்ப நம்ம மரக்காணத்துக்கு எதிர்வீடு” என்று முடித்துவிட்டு ஊஞ்சலை உந்தினார்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நான் கப்பலில் போனேன். டிக்கெட் விலை ஒரு காரணம்தான். முக்கியமான காரணம் வேறு. எரிமலையைப் பார்க்கப் போகிறவன் அது எதனால் எரிகிறது என்பதையும் வழியில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வானத்தில் போனால் அந்த வழி தெரியாது. கடலில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் மாலையில் கிளம்பியது. பிப்ரவரி மாதம், கடல் சாது. பங்க் கிளாஸ் என்பது கப்பலின் வயிற்றில் ஒரு பெரிய கொட்டகை: இரண்டு அடுக்காகப் படுக்கைகள், டீசலும் பினாயிலும் கலந்த வாடை, யாரோ பிரித்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகிற பையன்கள் பத்துப் பேர் சீட்டுக்கட்டோடு ஏறியிருந்தார்கள். மேல்தளத்துக்கு வந்தபோது மெரினாவின் விளக்குகள் ஒரு கோடாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. கலங்கரை விளக்கத்தின் ஒளி மட்டும் வெகுநேரம் விடாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நமக்குப் பட்டினப்பாக்கத்தோடு நிலம் முடிந்துவிடுகிறது. பாறைக்கு அப்படிக் கிடையாது. கரையைத் தாண்டியதும் கண்டத்தின் பாறை மெலிந்து கடல்தரைப் பாறையாக மாறுகிறது, ஆனால் இரண்டும் ஒரே பலகையின் இரண்டு பகுதிகள். இந்தியத் தட்டு என்று அதற்குப் பெயர். கபாலி கோயில் குளம் அதன் மேல் இருக்கிறது, பாண்டிபஜார் இருக்கிறது, அடையாறு ஆலமரம் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடாவின் தரை முழுவதும் அதுவேதான். அந்தத் தரையின் மேல் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்து எடுத்துவந்து கொட்டிய வண்டல் கிடக்கிறது. வடக்கே அதன் கனம் 15 கிலோமீட்டருக்கும் மேல். இந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அந்தமானுக்கு மேற்கே வந்ததும் எதிரில் இன்னொரு தட்டு. கனமான நம் தட்டு அதன் அடியில் சரிந்து இறங்குகிறது.

இறங்கும்போது மேலே கிடக்கும் வண்டல் அவ்வளவும் கூடப் போகாது. ஆட்டுக்கல்லில் மாவை வழிக்கும்போது கையில் திரண்டு நிற்குமே, அதுபோல எதிர்த்தட்டின் விளிம்பு அதை வழித்துக் குவிக்கிறது. அப்படி வழித்துக் குவித்த மேடுதான் அந்தமான் தீவுகள். பழைய கடல்தரைச் சேறும் மணலும் மடிந்து நொறுங்கி எழுந்த மலைகள். ஆகவே அந்தமானில் எரிமலை கிடையாது. அதற்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும்.

அறுபது மணி நேரப் பயணம். முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் சோம்பல், மூன்றாம் நாள் எல்லோரும் சொந்தக்காரர்கள். பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மா, நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களைக் கச்சாலில் ரப்பர் பயிரிடக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்று இவருடையது. ஆழிப்பேரலை கச்சாலைத் துடைத்துப் போட்டது உலகத்துக்கே தெரியும். அவர் அதைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னார். “ரப்பர் காடு மேட்டுல இருந்துச்சு. மேட்டுல இருந்தவங்க இருக்கோம்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் அவருடையது. கடைசி வரை எனக்கும் பங்கு வந்தது.

மூன்றாம் இரவு கைப்பேசியில் கப்பல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நள்ளிரவுக்கு மேல் மேல்தளத்துக்குப் போனேன். காலடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் நம் தட்டு மடங்கிக் கீழே போகிற இடம் அது. சாதாரணமாக இப்படிப்பட்ட இடங்களில் கடல்தரையில் பெரும் பள்ளம் இருக்கும். இங்கே வங்காளத்து வண்டல் அதையும் பெருமளவு தூர்த்துவிட்டது. தண்ணீர் கறுப்பாக, ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு வழுக்கியது இந்த மடிப்புதான். சுமத்ராவில் தொடங்கி வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடிப்பு விட்டு நகர்ந்தது. நிலநடுக்க அளவு 9க்கு மேல். மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் தளும்பியதைப் பார்த்துவிட்டு, என்னவோ லாரி போகிறது என்று நினைத்து நான் மறுபடி படுத்துவிட்டேன். அலை சென்னைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரமும் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் மெரினாவிலும் எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது: வலை உலர்த்துவது, கிரிக்கெட், சுண்டல் வண்டி, காலைநடை. இன்று இருக்கிற எச்சரிக்கை மையம் அன்று இல்லை. பௌர்ணமிதான் காரணம் என்று இன்றும் சொல்கிறவர்களை நான் சந்திக்கிறேன். நிலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் நம் காலுக்கு அடியில் இருக்கிற தட்டோடு.

போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். அபர்டீன் பஜாரில் டீக்கடைக்காரர் முகவைத் தமிழில் பேசினார். அந்த நிலநடுக்கத்தில் இந்த ஊர் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. வடக்கே அந்தமானின் மேற்குக் கரைகளில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே எழும்பிக் காய்ந்து வெளுத்தன. தெற்கே இந்திராமுனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. ஒரு பலகையின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை தூக்குமே, அந்தக் கணக்கு. ஊருக்கு வெளியே சிப்பிகாட் பகுதியில் வயலாக இருந்த இடம் கடல்நீர் ஏரியாகிவிட்டதை டீக்கடைக்காரரே கூட்டிப்போய்க் காட்டினார். “நீங்க ஜ்வாலாமுகி பார்க்கணும்னா பாராதாங்க் போங்க சார், பஸ்லயே போயிடலாம்” என்றும் சொன்னார். போனேன். அது சேற்று எரிமலை: பூமிக்குள்ளிருந்து மீத்தேன் வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு குமிழ் விடுகிறது. தொட்டால் சில்லென்று இருக்கும். எரிமலை என்ற பெயரை அதற்கு வைத்தவர் மேல் எனக்குக் கோபம். விட்டுவிடுவோம்.

பேரன் தீவில் யாரும் குடியில்லை. இறங்கவும் அனுமதி கிடையாது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிய படகிலிருந்தபடி பார்க்கலாம். கடலில் மூழ்கிப் பார்க்கிற ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு படகில் எனக்கு ஒரு மூலை கிடைத்தது. படகோட்டி மாயாபந்தர் பக்கத்துக் கரேன். நூறு ஆண்டுக்கு முன் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய சமூகம், கடலை வாசலாக வைத்திருப்பவர்கள். இஞ்சின் பார்க்கிறவர் தூத்துக்குடி. இரவு புறப்பட்டு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். அந்தமானில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். கண் விழித்தபோது தூத்துக்குடிக்காரர் என் தோளைத் தட்டி, “அண்ணாச்சி, மணம் வருதா?” என்றார். வந்தது. தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் இருக்கிற மணம்.

முதலில் தெரிந்தது ஒரு மதில். கடலிலிருந்து நேராக எழும்பும் செங்குத்தான வட்டச் சுவர், மேலே பச்சை. தீவு மொத்தமும் மூன்று கிலோமீட்டர் விட்டம்தான். படகு மேற்குப் பக்கம் சுற்றி வந்ததும் மதிலில் ஒரு வாசல் திறந்தது. உள்ளே, நடுக்கூடத்தில், கறுப்பாக ஒரு கூம்பு. அரிசியை முறத்திலிருந்து கொட்டினால் குவியுமே அந்தச் சரிவு, அந்த ஒழுங்கு. உச்சியில் வெள்ளை ஆவி. கூம்பிலிருந்து வாசல் வழியாகக் கடல் வரை கறுப்புக் குழம்பு உறைந்து கிடந்தது, உழுதுபோட்ட கரிசல் காடு மாதிரி, கட்டி கட்டியாக.

படங்களில் பார்த்த நெருப்பாறு இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். அரை மணிக்கு ஒருமுறை ஆவியின் நிறம் சாம்பலாகும், பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு உருண்டைப் புகை மேலே ஏறும், பிறகு ஒன்றும் நடக்காதது போல வெளுத்துவிடும்.

அந்த மதிலை உற்றுப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. சுவரில் வரி வரியாகக் கோடுகள். ஒரு வரி சாம்பல், ஒரு வரி உறைந்த குழம்பு, மறுபடி சாம்பல், மறுபடி குழம்பு. ஒவ்வொரு முறை வெடித்தபோதும் ஒரு வரி. அடுக்கு எரிமலை என்று சொல்வது இதனால்தான். ஃபுஜி, மெராபி, கிரகடோவா எல்லாம் இந்த ஜாதி. ஒரு காலத்தில் இங்கே முழு மலை இருந்தது. அடியிலிருந்த குழம்பு காலியானதும் நடுப்பகுதி உள்ளே இடிந்து இரண்டு கிலோமீட்டர் அகலக் குழியாயிற்று. மிஞ்சிய விளிம்புதான் மதில். அந்தக் குழிக்குள் பிறகு முளைத்தது இந்தக் கூம்பு. தாத்தா வீடு இடிந்த மனையில் பேரன் குடிசை போட்டிருக்கிறான் என்று பெரியம்மாவுக்குச் சொல்ல நினைத்துக்கொண்டேன். தண்ணீருக்கு மேலே தெரிவது அதிகபட்சம் 354 மீட்டர். கடல்தரையிலிருந்து அளந்தால் 2,250 மீட்டர், ஏறக்குறைய ஊட்டியின் உயரம். நாம் பார்ப்பது தொப்பியின் நுனியை.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் இங்குள்ள பழைய குழம்புப் பாறையின் வயதை சுமார் 16 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். மனிதர்கள் எழுதிவைத்த கணக்கு 1787இல் தொடங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1789இல், அந்தமானை அளக்க வந்த ஆர்ச்சிபால்டு பிளேர், போர்ட் பிளேருக்குப் பெயர் கொடுத்தவர், இது பழுத்த கற்களை வீசியதைப் பார்த்து எழுதினார். 1803இல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கறும்புகை எழுந்ததாகக் கப்பலோட்டிகளின் குறிப்பு. அதன் பிறகு மெல்ல அடங்கிப்போனது. இந்திய நிலவியல் துறையின் மாலெட் இந்தத் தீவையும் பக்கத்து நார்கொண்டத்தையும் ஆராய்ந்து 1885இல் எழுதிய நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் வந்தபோது கரையோரம் ஒரு வெந்நீர் ஊற்றும் உச்சியில் கொஞ்சம் கந்தக ஆவியும்தான். அணைந்த அடுப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி மதில் மேல் மேய்ந்தன. மூன்று நான்கு தலைமுறை அப்படியே கழிந்தது.

1991 மார்ச் கடைசியில் மறுபடி பற்றிக்கொண்டது. ஆறு மாதம் போல எரிந்து, குழம்பு மேற்கு வாசல் வழியாகக் கடலில் இறங்கியது. 1994–95இல் மறுபடியும். அடுத்தது 2005 மே மாத இறுதி. தேதியைக் கவனியுங்கள்: டிசம்பரில் அந்தப் பெரும் வழுக்கல், ஐந்து மாதம் கழித்து இது. நிலநடுக்கம்தான் கிளப்பிவிட்டது என்று அடித்துச் சொல்ல நிலவியலாளர்கள் தயங்குகிறார்கள், 91இல் எந்தப் பெரிய நடுக்கமும் இல்லாமலே அது எரிந்திருக்கிறது என்பதால். சந்தேகம் என்னவோ பலருக்கும் இருக்கிறது. எனக்கும். 2017 ஜனவரி 23 அன்று கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் ‘சிந்து சங்கல்ப்’ ஆய்வுக் கப்பல் கடல்தரை மாதிரி எடுக்க இந்தப் பக்கம் வந்தபோது, அவர்கள் கண் முன்னாலேயே சாம்பல் கக்கத் தொடங்கியது. இருட்டியதும் சிவப்புக் குழம்பு பீச்சியதைப் பார்த்தார்கள். அதிர்ஷ்டக்காரர்கள்.

எதனால் உருகுகிறது? நம் தட்டு உள்ளே போய்ச் சூட்டில் உருகிக் குழம்பாகி வருகிறது என்று பள்ளிப் புத்தகம் படித்த ஞாபகத்தில் பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் தட்டு தண்ணீர் கொண்டுபோகிறது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டு ஊறிய பாறை, அதன் தாதுக்களுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் சூடும் அந்தத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கின்றன. அது மேலே கசிந்து, அங்கே ஏற்கெனவே கொதிக்கக் கொதிக்க ஆனால் கெட்டியாக இருக்கிற பாறையில் சேர்கிறது. பெரியம்மா அதிரசத்துக்குப் பாகு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெறும் வாணலியில் வெல்லத்தைப் போட்டால் அது இளகுவதற்குள் கருகும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் அதே சூட்டில் உடனே கரைந்து ஓடும். பாறைக்கும் நீர் பட்டால் உருகுநிலை இறங்கிவிடுகிறது. உருகியது லேசாகிறது, மேலே ஏறுகிறது, வழி கண்ட இடத்தில் வாய் திறக்கிறது.

பதமும் முக்கியம். பேரன் தீவின் குழம்பு பெரும்பாலும் பசால்ட், இளம் பாகு. உள்ளிருக்கும் வாயு சுலபமாகக் குமிழிட்டுத் தப்பித்துவிடும். அதனால்தான் அந்த அரை மணிப் பெருமூச்சு. குழம்பு ஓடும், கல் தெறிக்கும், பெரும் நாசம் இல்லை. வடக்கே நார்கொண்டம் தீவில் உறைந்திருப்பது சிலிக்கா மிகுந்த முற்றிய பாகு, உருட்டுப் பதம். அப்படிப்பட்டதில் வாயு மாட்டிக்கொண்டால் மலையையே பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வரும். நல்லவேளையாக நார்கொண்டம் உறங்குகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை அதன் காட்டில் வாழ்கிறது. நரககுண்டம் என்ற பெயர்தான் நார்கொண்டம் ஆயிற்று என்றும், எரிகிற தீவுக்கு வைத்த பெயர் வரைபடக்காரர் குழப்பத்தில் எரியாத தீவுக்குப் போய்விட்டது என்றும் ஒரு கருத்து உண்டு. நம்பத் தோன்றுகிறது. எரிகிற தீவுக்குத் தரிசு என்று பெயர் வைத்த ஆட்கள் எதையும் செய்வார்கள்.

கடலுக்குள் போனவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். கொம்புத் திருக்கை இரண்டு பார்த்தார்களாம், படகு அகலத்துக்கு. உறைந்த குழம்பின் மேலேயே புதுப் பவளம் படர்ந்திருக்கிறதாம். ஒருவரின் துடுப்புச் செருப்பில் கறுப்பு மணல் ஒட்டி வந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். மெரினா மணல் நமக்குத் தெரியும்: மஞ்சள், வழவழப்பு, எத்தனையோ ஆறு உருட்டி உருட்டிக் கூர் மழுங்கிய படிகக்கல் துகள், நடுவே அலை ஒதுக்கிய கறுப்புக் கோடுகள். இது முழுக்கக் கறுப்பு. கண்ணாடித் தூள் போல உறுத்தியது. வெயிலில் பிடித்தபோது அங்கங்கே ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரே ஒரு பச்சைப் பொட்டு. அதில் சில துகள்களுக்கு என்னைவிட வயது குறைவு. மண்ணைவிட நான் மூத்தவனாக நின்ற அனுபவம் அதற்கு முன் எனக்கு இல்லை. எடுத்துவரக் கூடாது, தூத்துக்குடிக்காரர் ஒரு வாளித் தண்ணீரில் தளத்தைக் கழுவிவிட்டார்.

திரும்பி வந்த பிறகும் எரிமலைகள் என்னை விடவில்லை. பேரன் தீவு வழியாகச் சுமத்ரா, ஜாவா என்று வில்லாக வளைந்து போகிற எரிமலை வரிசையில்தான் கிரகடோவா இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று அது வெடித்து 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கமாகக் கேட்டது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மதராஸ்காரர்கள் ஒரு நாள் விழித்துப் பார்த்தால் சூரியன் பச்சையாக எழுந்தது. சில நாள் நீலம், சில நாள் பச்சை. சாம்பலும் கந்தகத் துளிகளும் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கே போய், உலகையே ஒரு சுற்று சுற்றி வந்து நம் தலைக்கு மேல் நின்றதன் விளைவு அது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுத் துகள் என்பதால் சிவப்பைச் சிதறடித்துவிட்டுப் பச்சையையும் நீலத்தையும் மட்டும் விட்டன. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அப்போது அரசு வானியலாளராக இருந்த நார்மன் போக்சன் அதைக் குறித்து அனுப்பினார். கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் நிறமாலைக் கருவியை வைத்துப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைத் தொடங்கி நடத்தியவர் அவர். கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் 1792ஆம் ஆண்டு வானாய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ், தெலுங்கு எழுத்துகளோடு இன்னும் நிற்கிறது. பச்சைச் சூரியனைப் பார்த்த தூண். புயல் நேரத்தில் தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்த வளாகத்துக்குப் படையெடுப்பதுண்டு. தூணை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த வெடிப்பில் வாயு நுரைத்து உறைந்த கல், தண்ணீரில் மிதக்கிற கல், திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயிற்று. நம் தி. நகர் ரங்கநாதன் தெருவில் பிளாஸ்டிக் சீப்புக்கும் ஹேர்பின்னுக்கும் நடுவே விற்கிற, குதிகால் தேய்க்கிற கல் அந்த ஜாதிதான். ஆசையாக ஒன்று வாங்கிவந்து பக்கெட்டில் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏதோ பட்டறையில் அச்சு வார்த்தது. வாங்குகிறவர்கள் கடையிலேயே தண்ணீர் கேட்டுப் போட்டுப் பார்த்து வாங்கவும்.

அதிரசத் தட்டோடு பெரியம்மா வந்து உட்கார்ந்தார். “பேரனைப் பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு.”

“சரி, தாத்தா யாரு?”

இந்த முறை பதில் இருந்தது. பரங்கிமலை. அந்த மலையின் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் வைத்த பெயர். சென்னையின் கல் கல்கத்தாக்காரர் பெயரில் உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெந்து உருவானது, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தலைகாட்டுகிறது. நிலவியல் துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. படியேறுகிறவர்கள் தேவாலயத்தையும் கீழே இறங்கும் விமானங்களையும் பார்க்கிறார்கள். ஒரே தட்டின் கதை: இந்த முனையில் 250 கோடி ஆண்டாக உட்கார்ந்திருக்கிற கல், அது சரிந்து இறங்குகிற அந்த முனைக்கு மேலே போன வருடம் பிறந்த மணல்.

“பரங்கிமலையை நான் கல்யாணத்துக்கு முன்னாடியே ஏறியிருக்கேன். அப்பல்லாம் இவ்வளவு வீடு கிடையாது” என்றார் பெரியம்மா. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்கு அவ்வளவு வயசானா, என்னை ஒண்ணும் சொல்லாதே” என்றார்.

2025 செப்டம்பர் 13இலும் 20இலும் பேரன் தீவு மறுபடி கக்கியதாகச் செய்தி வந்தது. கடற்படை எடுத்த படத்தில் சிவப்பு தெரிந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஒத்துழைக்கும். ஒரு வழியாவது கப்பலில் போங்கள். பங்க் கிளாஸில் கீழ்ப் படுக்கை கேளுங்கள், மேலே உருட்டும். மூன்றாம் இரவு நள்ளிரவுக்கு மேல் தூங்காமல் மேல்தளத்துக்கு வாருங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது.